நான்காவது சோடிச் சப்பாத்து

எங்கள் வீட்டு முன்கதவைத் திறந்தவுடன் கால் துடைக்கும் விரிப்பு இருக்கிறது. அதன் ஓரத்தில் நான்கு சோடிச் சப்பாத்துகள். என்னுடையது, இவருடையது, மகளுடையது ஆகிய மூன்றும் எந்த வீட்டிலும் இருக்கக்கூடியவைதான். நான்காவது சோடி பெரியது. கறுப்பு நிறம், தடித்த இறப்பர் அடி. அதில் இடது சப்பாத்தின் நுனி உருகி, வழிந்த மெழுகுதிரி இறுகினாற்போலச் சுருங்கியிருக்கிறது. போட்டால் பெருவிரல் கொஞ்சம் இடிக்கும் என்று தம்பி சொல்வான். குப்பையில் போடலாம் என்று எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன், அவன் விடவில்லை. பின்வளவில் பனி வழிக்கும்போது இன்றைக்கும் அதைத்தான் போடுகிறான்.

அந்தச் சப்பாத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெண்மணியின் நினைவு வரும். அவர் எனக்கு உறவில்லை. என்னுடைய மொழி பேசுபவரும் இல்லை. ஒரு கோடைகாலத் தொடக்கத்தில் சில கிழமைகள் எனக்கு மேலதிகாரியாக இருந்தார், அவ்வளவுதான். நாங்கள் அவரைக் குழுத்தலைவி என்று சொல்லுவோம். தன் பெயரை யாரிடம் சொன்னாலும் அவர் இரண்டு தடவை சொல்லுவார். நான் இங்கே அதை ஒரு தடவையும் எழுதப்போவதில்லை. காரணம் போகப்போக விளங்கும்.

இது பத்து வருடத்துக்கு முன், நாட்டில் ஆட்களை எண்ணும் குடிசன மதிப்பின்போது நடந்தது. அப்போது நான் வேலை செய்த பிஸ்கற் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். படிவம் அனுப்பாத வீடுகளுக்கு நேரே போய்க் கணக்கெடுக்கத் தமிழ் தெரிந்தவர்கள் தேவை என்று மகள் எங்கோ பார்த்துவிட்டு, என்னிடம் கேட்காமலே விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினாள். நான் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தவள். அதைவிட, முன்பின் தெரியாதவரின் முகத்தைப் பார்த்துப் பேசவே கூச்சப்படுகிறவள். கோயிலில் ஐயர் திருநீறு தரும்போதுகூட நிமிர்ந்து பார்க்க மாட்டேன் என்று இவர் பகிடி பண்ணுவார். அப்படிப்பட்டவளுக்குக் கதவு தட்டுகிற வேலை. நூலகத்தின் பின்னறையில் பதினைந்து பேரை இருத்தி, சொல்லப்படும் எதையும் வெளியே சொல்லமாட்டோம் என்று சத்தியம் செய்வித்தார்கள். அந்தச் சத்தியத்தைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதற்கு அந்த அறையில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

குழுத்தலைவி கட்டையானவர். ஒட்ட வெட்டிய நரைமுடி. தோளில் எப்போதும் ஒரு பெரிய நீலப் பை. ருவாண்டாவிலிருந்து வந்தவர். பிரெஞ்சு நன்றாகத் தெரியும். ஆங்கிலத்தைக் கல்லுப் பொறுக்குவதுபோல மெதுவாகப் பேசுவார். அதனாலேயே எனக்கு அவருடைய ஆங்கிலம் முழுதும் விளங்கியது. முதல் மூன்று நாளும் என்னைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். ஸ்காபரோவில் மார்க்கம் வீதிப் பக்கத்து உயர்ந்த கட்டடங்களில் லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில் எட்டாம் மாடி, ஒன்பதாம் மாடி என்று மூச்சு வாங்காமல் ஏறுவார். நான் இரண்டாம் மாடியிலேயே கைபிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "உங்கள் ஊர் தட்டை போலிருக்கிறது" என்பார். ஓம் என்பேன். "எங்கள் ஊரில் தண்ணீருக்குப் போனாலும் மலை, கோயிலுக்குப் போனாலும் மலை, சண்டை பிடிக்கப் போனாலும் மலை. அங்கே போய்ச் சேர்வதற்குள் கோபம் போய்விடும்." அதைச் சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்புப் பாதியிலேயே நின்றதை நான் அன்றைக்குப் பெரிதாக எடுக்கவில்லை.

அவரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. மணியை அடித்தவுடன் கதவிலிருந்து இரண்டு அடி பின்னால் வந்து, இரண்டு கையும் தெரியும்படி நிற்பார். திறக்கிறவர் முதலில் கைகளைத்தான் பார்ப்பார் என்பது அவருடைய நம்பிக்கை. மற்றது, யாராவது பெயர் சொன்னால் உடனே எழுத மாட்டார். வாயால் இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, அவர்கள் சரி என்றபிறகுதான் எழுதுவார். எங்களுடைய நீளமான பெயர்களைச் சொல்ல அவர் படும் பாட்டைப் பார்த்துச் சனம் சிரிக்கும். சிரித்தவர்கள் கதவைச் சாத்துவதில்லை.

எங்கள் தமிழ் ஆட்களின் வீட்டில் வேறு மாதிரிக் கரைச்சல். ஆறாம் மாடியில் ஒரு வயதான அன்ரி எங்களை வாசலிலேயே மறித்து, "நீர் எந்த ஊர் பிள்ளை?" என்று என்னைக் கேட்டார். ஊரைச் சொன்னேன். "ஆற்ற மகள்?" அப்பாவின் பெயரையும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் கேள்விகளுக்கு மறுமொழி. எத்தனை பேர் என்று கேட்டதற்கு, "எனக்கு ஏழு பிள்ளையள். மூத்தவன் சுவிஸில, இரண்டாவது பிரான்ஸில, மூன்றாவது இல்லை, நாலாவது மகள் லண்டனில" என்று எண்ணிக்கொண்டே போனார். இல்லாத மூன்றாவது பிள்ளைக்கும் ஒரு விரலை மடக்கினார். "அன்ரி, இஞ்ச, இந்த வீட்டில எத்தினை பேர்?" என்றேன். மடக்கிய விரல்களைப் பார்த்துவிட்டு, "இஞ்சயோ? இஞ்ச நான் மட்டும்தான்" என்றார். என்ன சொன்னார் என்று குழுத்தலைவி கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் ஒன்று என்று எழுதினார். எழுதிவிட்டுப் படிகளில் இறங்கும்போது, "ஒன்று என்பது சின்ன எண் இல்லை" என்று தனக்குத்தானே சொன்னார்.

அதே கட்டடத்தில் இன்னொரு வீடு. கதவைப் பாதி திறந்த ஓர் ஆள், "நானும் மனிசியும்தான்" என்றான். அவனுக்குப் பின்னால் சுவரோரம் சப்பாத்துகள் கிடந்தன. என் கண் தானாக எண்ணியது: பதினொரு சோடி. படிக்கட்டுக்கு வந்தவுடன் அதைக் குழுத்தலைவியிடம் சொன்னேன். கெட்டிக்காரி என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன். அவர் படியில் நின்று திரும்பினார். அவ்வளவு கடுமையான முகத்தை அவரிடம் நான் அதற்கு முன் பார்க்கவில்லை.

"சப்பாத்தை எண்ணாதீர்கள். மனிதர் சொல்வதை எழுதுவதுதான் எங்கள் வேலை. சப்பாத்தை வைத்து ஆள் எண்ணுவது வேறு ஆட்களின் வேலை."

அந்த வேறு ஆட்கள் யார் என்று எனக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. போர்க்காலத்தில் இராணுவம் ஊருக்குள் வந்தபிறகு எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பட்டியல் இருந்தது. வீட்டில் உள்ளவர்களின் பெயர், வயது, எல்லோரும் வரிசையாக நின்று எடுத்த படம். சோதனைக்கு வருகிறவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணுவார்கள். கிணற்றடியில் பல்துலக்கும் பிறஷ்களை எண்ணுவார்கள். ஆள் கூடினால் "இவன் யார்?" ஆள் குறைந்தால் "அவன் எங்கே?" கூடினாலும் பயம், குறைந்தாலும் பயம். ஒரு விடியற்காலை பெரியம்மாவின் மகன் எங்கள் வீட்டில் படுத்திருந்தபோது சுற்றிவளைத்துவிட்டார்கள். அவன் பின்வேலியால் பாய்ந்து போய்விட்டான். அவனுடைய செருப்பு வாசலில் கிடந்தது. அம்மா அதை எடுத்து அடுப்பின் கீழே விறகுக்குள் செருகிவிட்டுத் தேத்தண்ணிக்கு உலை வைத்தார். அந்தச் செருப்பு அன்றைக்கு அகப்படவில்லை. என் புத்தியில் அது அப்படியே பதிந்து கிடந்திருக்கிறது.

மதியத்தில் பிளாசா ஒன்றின் வெளியே வாங்குப் பலகையில் இருந்து சாப்பிடுவோம். அவர் அவித்த போஞ்சியும் வாழைக்காயும் கொண்டு வருவார். நான் புட்டுக் கொண்டு போவேன். ஒருநாள் வீதியைப் பார்த்துக்கொண்டு, "ஆளில்லாத வீதியை என் வாழ்க்கையில் முதன்முதல் இந்த நாட்டில்தான் பார்த்தேன்" என்றார். ஆபிரிக்காப் பெருநிலத்தில் அவர்களுடைய நாட்டைப்போல நெருக்கமாகச் சனம் வாழும் நாடு வேறு இல்லையாம். மலையின் உச்சிவரை கொத்திப் பயிர் வைத்திருப்பார்களாம். ஒரு தகப்பனின் நிலத்தைப் பிள்ளைகள் பிரித்து, அவர்களின் பிள்ளைகள் மறுபடி பிரித்து, கடைசியில் ஒருவருக்கு ஒரு வரி போஞ்சி நடத்தான் இடம் வரும். விடியற்காலையிலும் வீதியில் ஆள் நடந்துகொண்டிருக்கும். எந்த வீட்டிலிருந்து கூப்பிட்டாலும் இன்னொரு வீட்டுக்குக் கேட்கும். "தனியாக இருந்து அழ ஓர் இடம் கிடையாது. அழுதால் நான்கு பேர் வந்து ஏன் என்று கேட்பார்கள்" என்றார். அவ்வளவு நெருக்கத்தில் இருந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டில் எத்தனை பேர், யார் எந்தப் பிரிவு, எந்தப் பிள்ளை எந்தப் பாயில் படுக்கிறது என்பதெல்லாம் தெரியும். இங்கேயோ நூறு கதவு உள்ள கட்டடத்தில் பக்கத்துக் கதவில் யார் என்று தெரியாது. "இது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு வாழைக்காயை எனக்கு நீட்டினார்.

அந்த நாட்டில் ஒரு பிரிவினர் மற்றப் பிரிவினரைக் கொன்று குவித்தது எனக்குத் தெரியும். செய்தியில் பார்த்திருந்தேன். அவர் எந்தப் பிரிவு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கவும் மாட்டார். இப்போது அங்கே அடையாள அட்டையில் அதை எழுதுவதில்லை, கணக்கெடுக்கும்போதும் கேட்பதில்லை என்று மட்டும் ஒருமுறை சொன்னார். இன்றைக்கு அங்கே நடமாடுகிறவர்களில் மிகுதிப்பேர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள் என்றும் சொன்னார். "நாடு முழுக்கப் பிள்ளைகள். என் வயதில் ஒருவரைக் கண்டால் இரண்டு பேரும் தரையைப் பார்ப்போம்."

இனி என் காரணத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டின் நிலக்கீழ் அறையில், பேஸ்மென்ற்றில், என் தம்பி இருந்தான். அவன் கடைசியாக வந்தவன். அவனுடைய அகதி விண்ணப்பத்தை ஏற்கவில்லை. மேல்முறையீடும் சரிவரவில்லை. நாட்டைவிட்டுப் போகச் சொல்லித் திகதி போட்டுக் கடிதம் வந்தது. அவன் போகவில்லை. போனால் விமான நிலையத்திலிருந்து வீடு வந்து சேருவானோ என்று எங்களுக்குப் பயம். அன்றிலிருந்து அவன் எங்கள் வீட்டில் இருக்கிறான், ஆனால் இல்லை. பிறம்ரனில் தெரிந்த ஒருவரின் பண்டசாலையில் பெட்டி ஏற்றுவான்; வேலை முடிந்தால் கீழே போய்விடுவான். மகளின் பள்ளிக்கூடப் படிவத்திலும் சரி, குடும்ப மருத்துவரிடமும் சரி, எங்கள் வீட்டில் மூன்று பேர்தான். அந்த வருடத்துக் குடிசன மதிப்புப் படிவத்திலும் மூன்று என்றே போட்டேன். போட்டுவிட்டு அடுத்த கிழமையே மற்றவர்களின் கதவைத் தட்டி, "வழக்கமாக இங்கே தங்குகிறவர்கள் எல்லோரையும் சொல்லுங்கோ, ஒருத்தரையும் விடவேண்டாம், நாங்கள் ஆருக்கும் சொல்ல மாட்டம்" என்று சொல்லித் திரிந்தேன். ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லும்போது கையிலிருக்கும் படிவத்தைத்தான் பார்ப்பேன்.

வேலையின் கடைசிக் கிழமை எனக்குக் காய்ச்சல். மிச்சப் படிவங்களும் பையும் என்னிடம் இருந்தன. குழுத்தலைவி தொலைபேசியில், "நீங்கள் வர வேண்டாம். உங்கள் தெருவால்தான் போகிறேன், பத்து நிமிடத்தில் வந்து எடுக்கிறேன்" என்றார். எனக்குக் காய்ச்சல் அந்த இடத்திலேயே போய்விட்டது போலிருந்தது. தம்பி அன்று வேலையில்லாமல் வீட்டில் நின்றான். "கீழ போ, சத்தம் போடாத" என்றேன். அவனுடைய பிறஷை எடுத்துத் துவாய்க்குள் சுற்றினேன். கழுவி வைத்த நான்கு கோப்பைகளில் ஒன்றை அலுமாரிக்குள் தள்ளினேன். பிறகு வாசலைப் பார்த்தேன். அவனுடைய பெரிய சப்பாத்து. இவருடைய கால் சின்னது. யாரும் பார்த்தவுடன் இது வேறோர் ஆளின் சப்பாத்து என்று கண்டுபிடிப்பார்கள். பிளாஸ்டிக் பையொன்றில் போட்டுக் கட்டினேன். அதோடு கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் குசினியில் அவண் அடுப்பின் கீழே தட்டுகள் வைக்கிற லாச்சியை, அந்த இழுப்பறையை, இழுத்து உள்ளே தள்ளினேன். ஏன் அங்கே என்று அந்த நேரம் நான் யோசிக்கவில்லை. கை தானாகப் போனது.

இவர் பார்த்துக்கொண்டு நின்றார். "உனக்கென்ன விசரே? அவ பை எடுக்க வாறா, ஆள் எண்ணவே வாறா?"

"அவவுக்கு அதுதான் வேலை" என்றேன்.

குழுத்தலைவி வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றி எங்களுடைய மூன்று சோடிக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார். பையை வாங்கிக்கொண்டு காருக்குள் வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்தவரைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்ப எங்களால் முடியுமா? இவரே, "இருங்கோ, இருங்கோ" என்று ஆங்கிலத்திலும் தமிழிலுமாகச் சொல்லிவிட்டார். பையைக் காரில் வைத்துவிட்டு அவர் திரும்பி வந்து இருந்தார். நான் தேத்தண்ணி ஊற்றினேன். அது கோப்பை நிரம்பி வழிந்ததைப் பார்த்து, காய்ச்சல் கூடிவிட்டதா என்று கேட்டார். அந்த நேரம் மகள் மேலேயிருந்து இறங்கி வந்து, விருந்தாளியைக் கண்டு, குளிர்ப்பெட்டியிலிருந்து றோல்ஸ் பலகாரம் எடுத்து அவணில் வைத்துச் சூட்டைத் திருகினாள். நான் முன்னறையில் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு அது தெரியாது.

முதலில் மணம் வந்தது. எரிகிற இறப்பரின் மணம். அதை ஒருமுறை மணந்தவர்கள் மறக்க மாட்டார்கள். நான் பேச்சை நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மகள் குசினியிலிருந்து, "அம்மா, சம்திங் இஸ் பேர்னிங், ஆனா றோல்ஸ் இல்லை" என்றாள். அதற்குள் புகை எச்சரிக்கை மணி வீடு முழுக்க அலறத் தொடங்கியது. நான் திரும்பிப் பார்க்கும்போது குழுத்தலைவி இருந்த கதிரை வெறுமையாக இருந்தது. அவர் வெறுங்காலோடு, மகளின் கையை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு, முன்புல்லில் போய் நின்றார். அவரது முகம் சாம்பலாயிருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. பிறகுதான் விளங்கியது, வெளியே வந்த ஆட்களை அவர் எண்ணிக்கொண்டிருந்தார். மகள், தான், அவர்களுக்குப் பின்னால் நான். இவர் இன்னும் உள்ளே.

அப்போது கீழ்ப்படிகளில் தடதடவென்று ஓடிவரும் சத்தம். தம்பி. அக்கா வீட்டுக்குள் எரிகிறாள் என்று நினைத்து, கையில் கம்பளிப் போர்வையோடு வாசலால் பாய்ந்து புல்லுக்கு வந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் இவர், புகைகிற லாச்சியை அப்படியே கழற்றிக் கைதுடைக்கும் துணியால் பிடித்துக்கொண்டு வந்து புல்லில் கவிழ்த்தார். இரண்டு தட்டு, ஒரு புட்டுக்குழல், உருகிப்போன பை, அதற்குள்ளே பெரிய கறுப்புச் சப்பாத்து இரண்டு.

மணி மட்டும் உள்ளே அலறிக்கொண்டிருந்தது. குழுத்தலைவி சப்பாத்தைப் பார்த்தார். இவருடைய சின்னக் காலைப் பார்த்தார். பிறகு புல்லில் நின்ற தம்பியின் பெரிய வெறுங்காலைப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். என் சத்தியம், என் படிவம், தம்பி எல்லாமே. ஒரு வாகனம் வந்து நிற்பதும், இரண்டு பேர் இறங்குவதும் கண்ணுக்குள் வந்து போனது. அந்த வாகனம் ஊரில் வந்த இராணுவ வாகனம்போலப் பச்சை நிறமாகவும் இருந்தது. வெள்ளை நிறமாகவும் இருந்தது.

தம்பிக்கு நிலைமை விளங்கவில்லை. குனிந்து சப்பாத்தைத் தொட்டு, சூட்டில் கையை உதறி, "ஏன் அக்கா என்ர சப்பாத்தை அவிச்சனி?" என்றான்.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். தமிழ் தெரியாத குழுத்தலைவி தம்பியின் பக்கம் திரும்பி, அவனுடைய பெயர் என்ன என்று கேட்டார். நான் அவனைப் பார்த்துத் தலையாட்டினேன், சொல்லாதே என்று. அவன் சொன்னான். முழுப்பெயர். அவர் அதை ஒரு தடவை சொன்னார், பிழை. அவன் திருத்தினான். இரண்டாம் தடவை சரியாகச் சொன்னார். அதன்பிறகு என்னிடம், "என் வேலை இன்றைக்கு முடிந்துவிட்டது. பேனா பையில், பை காரில்" என்றார். வாசற்படியில் இருந்துகொண்டு தண்ணீர் கேட்டார்.

அன்றைக்குத்தான் சொன்னார். அவருடைய தகப்பன் அவர்களுடைய மலைக்கு எங்கள் ஊர் விதானையாரைப்போல ஓர் உத்தியோகத்தர். ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் என்று பட்டியல் வைத்திருந்தவர். கெட்ட எண்ணத்தோடு அல்ல. வரிக்கு, குழந்தைகளுக்கு ஊசி போட, விதைநெல் போல எதையாவது பங்கிட. தகப்பனின் கையெழுத்து யாருக்கும் விளங்காது. மகளின் எழுத்து அழகு. அதனால் நல்ல பிரதியை எழுதியது அவர். பெயர், வயது, பிரிவு. பிரிவுக்குத் தனியாக ஒரு நிரல். "அந்த நிரலுக்குக் கோடு போடும்போது அடிமட்டம் வைத்துப் போட்டேன். நேராக வரவேண்டும் என்று." பிறகு அந்தக் கொலை நாட்கள் வந்தபோது ஆட்கள் வந்து தகப்பனின் மேசையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு போனார்கள். வாசிக்கச் சிரமப்படவில்லை.

தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். இடம் போதாது என்று சின்னப் பிள்ளைகளின் பெயரை அவர் எழுதவில்லை. தாய் தகப்பனின் பெயருக்குக் கீழே 'குழந்தைகள் மூன்று', 'குழந்தைகள் ஐந்து' என்று எழுதினார். இப்போது அந்த மலையில் கல்லொன்று இருக்கிறது, பெயர்கள் வெட்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பெயர் இல்லை. தெரிந்தவர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை. "நான் எழுதினவர்களை எழுதினதால் கண்டுபிடித்தார்கள். எழுதாமல் விட்டவர்களை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள்" என்றார். நான் கேட்கவில்லை. அவரும் உன் தம்பியை எழுது என்றோ, எழுதாதே என்றோ சொல்லவில்லை. எழும்பி, வெறுங்காலால் உள்ளே போய்த் தன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, தம்பியின் பெயரை இன்னொரு தடவை பிழையில்லாமல் சொல்லி விடைபெற்றார். றோல்ஸ் நன்றாகத்தான் இருந்தன. மகள் நான்கைக் கட்டிக் கொடுத்தாள்.

அடுத்த பல நாட்கள் நான் தெருவில் கார்க் கதவு சாத்தும் சத்தத்துக்கெல்லாம் யன்னலுக்கு ஓடினேன். யாரும் வரவில்லை. குழுத்தலைவி வருடப்பிறப்புக்குத் தொலைபேசியில் அழைப்பார், தம்பியின் பெயரைச் சொல்லி, "எப்படி இருக்கிறார்?" என்று கேட்பார். அந்த உரையாடல் அவ்வளவுதான். தொற்றுநோய்க் காலத்தில் அடுத்த கணக்கெடுப்பு வந்தது. படிவத்தின் முன்னால் அரைநாள் இருந்தேன். அவர் சொன்னதெல்லாம் நினைவில் இருந்தது. இருந்தும் மூன்று என்றுதான் போட்டேன். இதை மறைக்க நான் விரும்பவில்லை. பயம் ஒரு கதை கேட்டுப் போகிற சாமான் அல்ல.

சென்ற குளிர்காலத்தில் குழுத்தலைவியின் மகள் எனக்கு அழைத்தார். தாய் தூக்கத்தில் போய்விட்டார் என்றார். ஸ்காபரோவில் ஒரு தேவாலய மண்டபத்தில் பிரார்த்தனை வைத்தார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். பாட்டு ஒன்றும் விளங்கவில்லை. முடிந்தபிறகு மேசையில் அவருடைய சில பொருட்களை வைத்திருந்தார்கள். ஒரு கண்ணாடி, ஒரு செபமாலை, அந்த நீலப் பை, ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. மகள் கொப்பியைத் திறந்து காட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தொலைபேசியோடுதான் இருப்பார் என்றார். பெல்ஜியத்தில் ஒருவர், உகண்டாவில் ஒருவர், ஊரில் ஒரு கிழவி என்று தேடிப்பிடித்து, அந்த வீட்டில் இருந்த சின்னப் பிள்ளைகளின் பெயர் நினைவிருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வரியிலும் 'குழந்தைகள் மூன்று' என்பதற்கு நேரே பெயர்கள், வேறு வேறு மையில். சில வரிகளில் மூன்றில் இரண்டு பெயர். பல வரிகளில் எண் மட்டும் நின்றது. நேரான கோடுகள், அடிமட்டம் வைத்துப் போட்டவை. நான் கொப்பியை மூடி அவருடைய மகளிடம் கொடுத்தேன். அந்த மகளின் பெயரைக் கேட்டேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து தம்பியைப் பார்த்தேன். அவன் கீழே இருந்து பனி வழிக்கிற சப்பாத்துக்கு நூல் மாற்றிக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது. இவனுக்கு என்ன நடந்தாலும் எந்தக் கடதாசியில் இவன் பெயர் வரும் என்று நினைத்தேன். ஒரு கடதாசியிலும் வராது. அதற்குக் காரணம் எந்த இராணுவமும் இல்லை, என் கைதான்.

இந்த வைகாசியில் படிவம் வந்தது. மகள் கணினியைத் திறந்து தந்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். எத்தனை பேர் என்ற பெட்டியில் நான்கு என்று போட்டேன். "அம்மா, ஆர் யூ ஷுவர்?" என்றாள். சத்தியமாக இல்லை. அன்றைக்கு நூலகத்தில் வெளியே சொல்லமாட்டோம் என்று சத்தியம் செய்தவள் நான், அதைக் காப்பாற்றியவளும் நான். என்னை நம்புகிறேன், மற்றவர்களை நம்பத்தான் இன்னும் பழகவில்லை. தம்பி படியின் பாதியில் நின்று எட்டிப்பார்த்தான்.

"என்னையும் போட்டிட்டியே?"

"ஓம்."

இன்னும் ஒரு படி ஏறி வந்தான். பிறகு, "வயசை ஒரு அஞ்சு குறைச்சுப் போடு அக்கா. இன்னும் கலியாணம் ஆகேல்லை" என்றான்.

உள்ள வயதையே போட்டேன். அவன் பெயரை எழுத்தெழுத்தாக அடித்து, வாயால் இரண்டு தடவை சொல்லிப் பார்த்து அனுப்பினேன். அதற்குப் பிறகு அவனே ஒரு வழக்கறிஞரைப் பார்க்கலாம் என்றான். இங்கேயே இருக்க விடும்படி புது விண்ணப்பம் ஒன்று எங்கள் விலாசத்தோடு போயிருக்கிறது. அந்த விலாசம் இப்போது குடிவரவு அதிகாரிகளுக்குத் தெரியும் என்பதால்தான் இதை எழுதவும் துணிந்தேன். பதில் இன்னும் வரவில்லை. என்ன பதில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்கிறார் வழக்கறிஞர்.

படிவம் அனுப்பிய அன்று பின்னேரம் வாசல் மணி அடித்தது. நான் எழும்பினேன். தம்பி கீழ்ப்படியில் ஒரு காலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். விரிப்பின் ஓரத்தில் நுனி உருகிய அந்தப் பெரிய சப்பாத்து கிடந்தது. என் கை அதை நோக்கிப் போனது. குனிந்துகூட விட்டேன். பிறகு நிமிர்ந்து கதவைத் திறந்து, இரண்டு அடி பின்னால் வந்து நின்றேன். பொதி கொண்டுவந்த ஒருவன். பக்கத்து வீட்டுக்கு உரியதாம், அங்கே ஆளில்லையாம், வாங்கி வைப்பீர்களா என்று கேட்டான். வாங்கினேன். அவன் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனான். கதவைப் பூட்டியபிறகும் அவனுடைய வாகனம் போகும்வரை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி கீழே போகவில்லை, படியிலேயே நின்றான். சப்பாத்துகள் நான்கு சோடியும் இருந்த இடத்திலேயே இருந்தன.